பேனரில் இருப்பவர்கள்

சித்திரை பிறந்தவுடன் ஈரோட்டில் கார்கள் நடுரோட்டில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தன.

பெட்ரோல் கார்கள் ஓடிய காலத்தில் இது பெரிய விஷயமில்லை. பானெட்டைத் தூக்கி வைத்து, ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி, கம்பெனிக்காரனை இரண்டு திட்டு திட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். இவை மின்சாரக் கார்கள். பேட்டரியில் சார்ஜ் இருக்கும், ஏசி ஓடும், பாட்டுகூடப் பாடும். ஓட்டுபவருக்குத் துணையாக உள்ளே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் காய்ச்சல் வந்துவிடும். பீப் பீப் என்று கத்தி, வேகத்தைக் குறைத்து, வண்டியை நிறுத்தி, உடம்பு ஆறும்வரை அசைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அது விழித்திருக்காமல் கார் நகரக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. கம்பெனி அந்தக் கம்ப்யூட்டருக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஊர் அதைப் பொட்டி என்றது.

பெருந்துறை ரோட்டில் இருந்த திசை மோட்டார்ஸ் சர்வீஸ் சென்டரில் பொட்டிகளுக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பு கோகிலவாணியுடையது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கோபக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். உண்மையில் அவளிடம் கோபத்தைவிடப் பிடிவாதம்தான் அதிகம்.

"அம்மிணி, உள்ள உக்காந்தா பீப்பு பீப்புங்குது. வெளிய நின்னா வெயிலு கொல்லுது. எம்பட சம்சாரம் ரோட்டோரத்துல மயக்கம் போட்டுட்டா. இதையா துணைங்கறீங்க?" என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

முதலில் அவள் சந்தேகப்பட்டது சீட் உறையை. பொட்டி முன்சீட்டுக்கு அடியில் இருந்தது, மூச்சு விடும் ஓட்டையும் அங்கேதான். நம் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் சீட்டின் மேல் வரும் பிளாஸ்டிக்கை ஆயுசுக்கும் கிழிக்க மாட்டார்கள். கிழித்த நிமிஷமே கார் பழசாகிவிடும் என்று ஒரு பயம். கோகிலவாணி கத்தரிக்கோலோடு நின்று ஒவ்வொரு வண்டியாக உறையை வெட்டி எடுக்கவைத்தாள். ஒரு பெரியவர் தன் சட்டையையே கிழித்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார். உறை போயிற்று, சூடு போகவில்லை. அடுத்து, பூஜை போட்ட கையோடு கேமராவின் மேல் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைத்தாள். ஃபேனை மாற்றினாள். குளிரூட்டும் குழாயைக் கழற்றிக் கழுவினாள். பொட்டி அதன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

அவளோடு வேலை பார்த்த மெக்கானிக் இர்ஃபான்தான் ஒரு விஷயத்தை எடுத்துக் கொடுத்தான்.

"வாணிக்கா, இதே வண்டி பைபாஸ்ல உச்சி வெயில்ல சென்னை வரைக்கும் போயிட்டு வந்திருக்குது. ஒண்ணும் ஆகல. ஊருக்குள்ள நுழைஞ்சாத்தான் காயுது. அப்ப வெயிலு காரணமில்லைங்க."

மறுநாள் காலை இருவரும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். இர்ஃபான் ஓட்டினான். கோகிலவாணி மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பொட்டி என்ன பார்க்கிறது, எவ்வளவு சுடுகிறது என்று கவனித்துக்கொண்டு வந்தாள். மேட்டூர் ரோடு வரை ஒன்றுமில்லை. ஒரு கல்யாண மண்டபத்தை நெருங்கியபோது சூடு மளமளவென்று ஏறியது. திரையைப் பார்த்தவள் "ஐயோ" என்றாள்.

திரை முழுக்க முகங்கள். ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு மஞ்சள் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் 'கடக்கப் போகிறார்' என்று எச்சரிக்கை. அவள் நிமிர்ந்து வெளியே பார்த்தாள். ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. மண்டபத்து வாசலில் மட்டும் ஆளுயரத்தைத் தாண்டி ஒரு ஃபிளெக்ஸ் பேனர். மணமக்கள், மணமக்களின் பெற்றோர், மாமன்மார், பங்காளிகள், நண்பர்கள், நண்பர்களின் கட்சித் தலைவர்கள் என்று ஒரு ஜன சமுத்திரமே ரோட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"இதுக்கு எதுக்குங்க்கா பொட்டி காயணும்? படம்னு தெரியாதா?"

"தெரியாதுப்பா. நம்மூருல வெள்ளைக் கோட்டைப் பாத்து யாரு ரோடு கடக்கறாங்க? கடக்கறதுக்கு முன்னாடி வண்டிக்காரன் மூஞ்சியப் பாப்பாங்க, கையத் தூக்குவாங்க, இறங்கிருவாங்க. அதனால நம்ம ஊரு வண்டிக்கு மூஞ்சியப் படிக்கக் கத்துக் குடுத்திருக்காங்க. கண்ணு எங்க பாக்குது, கை எப்படி இருக்குதுன்னு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக் கணக்குப் போடும். பேனர்ல நிக்கறவங்க அத்தனை பேரும் நேரா நம்மளையே பாக்கறாங்க. பாதிப் பேரு கையத் தூக்கிட்டு வேற நிக்கறாங்க. சித்திரையில முகூர்த்தம் ஜாஸ்தி, தெருவுக்குத் தெரு பேனரு."

"அப்ப பொட்டி என்ன பண்ணும்?"

"இவங்க எல்லாம் எப்ப ரோட்டுல இறங்குவாங்களோன்னு ஒவ்வொருத்தருக்கா பயந்து பயந்து யோசிக்கும். யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போகும்."

இர்ஃபான் சிரித்தான். கோகிலவாணிக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் ஃபேனையும் குழாயையும் கழற்றிக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

வைத்தியத்தையும் அவளே கண்டுபிடித்தாள். பேனர் முகங்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே ஆள், ஒரே சட்டை, ஒரே சிரிப்பு, அசையாமல் நிற்பார், பல இடங்களிலும் நிற்பார். அப்படி ஒரு முகத்தைப் பார்த்தால் பொட்டி அதைப் 'படம்' என்று நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த தடவை அந்த முகம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் தாண்டிப் போகட்டும். ஒரு கார் கற்றதை மற்ற கார்களும் கற்றுக்கொள்ளட்டும். அவள் எழுதி அனுப்பியதைத் தலைமை அலுவலகம் சரிபார்த்து, எல்லா வண்டிகளுக்கும் இன்டர்நெட் வழியாகக் காற்றிலேயே அனுப்பிவைத்தது. ஊரில் பீப் சத்தம் அடங்கியது. ஜவுளிக்கடைக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். வாரம் திரும்புவதற்குள் மாநிலம் முழுக்க அவள் வைத்தியம்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று சொன்னால் மிகையில்லை.

வைகாசியில் அவள் தம்பி கௌசிக்குக் கல்யாணம். பேனருக்கான படங்களை அவன்தான் தேர்ந்தெடுத்தான். கோகிலவாணியின் ஆறு வயது மகள் அவந்தி பட்டுப்பாவாடை கட்டிக் கும்பிடும் படத்தை, மணமக்களுக்கு நடுவில், மற்ற எல்லாரையும்விடப் பெரிதாகப் போடவைத்தான். தாய்மாமன் ஆசை. முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்து வாசலிலும் வீட்டுத் தெருமுனையிலும் பள்ளிக்கூடத்துத் திருப்பத்திலும் பேனர் கட்டியாகிவிட்டது. அவந்தி தன் படத்துக்கு முன்னால் நின்று அதே மாதிரி கும்பிட்டு இன்னொரு படம் எடுத்துக்கொண்டாள்.

பேனர் கட்டிய இரண்டாம் நாள், முழங்காலில் கட்டோடு ஒருவர் சர்வீஸ் சென்டருக்குள் நொண்டிக்கொண்டு வந்தார். வட்டச் செயலாளர் நாச்சிமுத்து. அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஊரில் எந்தக் காது குத்துக்கும், எந்தக் கோயில் நோன்புக்கும், எந்தத் தலைவர் பிறந்தநாளுக்கும் கையைத் தூக்கியபடி பேனரில் நிற்பவர்.

"இந்தக் கம்பெனிக்குப் பெரிய ஆளு யாருங்க?"

"என்னங்ண்ணா, என்ன ஆச்சு?"

"உங்க வண்டிக எல்லாருக்கும் நிக்குது. எனக்கு மட்டும் நிக்க மாட்டேங்குது. மூணாவது தடவைங்க இது. நேத்து ஒரு காரு கிட்ட வந்து கடைசி நொடியில பிரேக்கடிச்சு முட்டியப் பேத்திருச்சு. ஓட்டறவன் போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கறான். கேட்டா 'பொட்டி பாத்துக்கும்னு நெனச்சேன்'ங்கறான். நான் கையத் தூக்கினா பஸ்ஸே நிக்குமுங்க! எதிர்க்கட்சிக்காரங்க உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லி வெச்சிருக்காங்களா?"

இர்ஃபான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். கோகிலவாணியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"அண்ணா, நீங்க உக்காருங்க. ரோட்டுப் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டு இர்ஃபானைப் பின்புறத்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு காரை அவனிடம் கொடுத்து, பொட்டியை ஓடவிட்டு, பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னாள். முதலில் வாட்ச்மேன் குறுக்கே நடந்தார். கார் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துப் பவ்யமாக நின்றது. அடுத்து அவள் நடந்தாள். கௌசிக்கின் பேனரில் மணமகனின் அக்காவாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்பவள். கார் வேகத்தைக் குறைக்கவில்லை. இர்ஃபான் அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தான். அவள் புடவைக் கொசுவத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது வண்டி.

"என்னக்கா இது! ஆளு முன்னாடி நிக்கறீங்க, கண்ணு தெரியலயா அதுக்கு?"

"தெரியுது. படம்னு தெரியுது. படம்னா செவுத்துல இருக்கும், ரோட்டுல இறங்காதுன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன். முன்னாடி ஆளிருந்தா தூரத்துலயே சொல்ற ரேடாரையும் செலவு மிச்சம்னு எடுத்துட்டாங்க. ரொம்பக் கிட்ட வந்தப்புறம் ஏதோ தடங்கல்னு புரிஞ்சு பிரேக்கடிக்கும். அதுக்குள்ள..." அவள் முடிக்கவில்லை. கணவனுக்கு போன் போட்டு, அவந்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வரச் சொன்னாள். வீட்டை விட்டு வெளியே விடாதே என்றாள்.

பேனரைக் கழற்றினால் போதும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "முகூர்த்தத்துக்கு முந்தி யாராச்சும் பேனரைக் கழட்டுவாங்களாக்கா? அபசகுனமா ஆயிரும்" என்று கௌசிக் கத்தினான். கழற்றினாலும் பயனில்லை என்று பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஊரில் ஓடும் அத்தனை கார்களுக்கும் அவந்தியின் முகம் ஏற்கெனவே மனப்பாடம்.

மறுநாள் ஏரியா மேனேஜர் சுதர்சனம் சென்னையிலிருந்து வந்தார். சூடு புகாரே இல்லாமல் செய்ததற்காகப் பாராட்டு விழா. டீலர்ஷிப் முதலாளி சும்மா இருப்பாரா? முந்தின நாள் காலையிலேயே வாசலில் பேனர் கட்டிவிட்டார். ஊருக்குள்ளும் பல இடங்களில் கட்டிவிட்டார். 'சூட்டைத் தணித்த சுதர்சனமே, வருக வருக!' கோட்டு சூட்டில் கையைக் கட்டிக்கொண்டு சுதர்சனம். கீழே ஓரத்தில் சின்னதாகக் கோகிலவாணி.

மாலை மரியாதை முடிந்ததும் அவள் அவரைத் தனியாகப் பிடித்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சுதர்சனம் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"புரியுதும்மா. ஆனா யோசிச்சுப் பாரு. ஊர்ல எவ்வளவு ஜனம்? அதுல பேனர்ல இருக்கிறவங்க எவ்வளவு பேர்? அவங்கள்ல எத்தனை பேர் நம்ம கார் முன்னாடி இறங்குவாங்க? மறுபடி பழசுக்குப் போனா ஊர் முழுக்க வண்டி நிக்கும். கம்பெனி மானம் போயிடும்."

"நிக்கத்தானே சார் போகுது? ஆளை அடிக்காதுல்ல."

"அடுத்த வருஷ மாடல்ல ரேடார் வருது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பேனர் வைக்காம இருக்கட்டும். அனுமதியில்லாம பேனர் வைக்கிறதே தப்புதானே? தப்பு பண்றவங்களுக்காக நாம எதுக்குக் கவலைப்படணும்?"

கோகிலவாணி அவரையே பார்த்தாள். ஆறு வயதுக் குழந்தை எந்தச் சட்டத்தை மீறியது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்ததால், "சரி சார், டீ சாப்பிடலாம் வாங்க. எதிர்த்தாப்பல கடையில நல்லா இருக்கும்" என்றாள்.

சுதர்சனம் உற்சாகமாக எழுந்து வாசல் வரை வந்தார். பெருந்துறை ரோட்டில் கார்கள் விரைந்துகொண்டிருந்தன. பாதிக்கு மேல் திசை கார்கள். ஒரு காலை ரோட்டில் வைத்தார். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பேனர் அவர் கண்ணில் பட்டது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"இது... எப்ப கட்டினாங்க?"

"நேத்துக் காலையிலங்க சார். ஊருக்குள்ள இன்னும் நிறைய இடத்துல கட்டியிருக்காங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீயை இங்கயே வரவழைச்சிடலாமே" என்றார்.

டீ வந்தது, பாதி குடித்தார், அவசர வேலை என்று கிளம்பிவிட்டார். அவர் கார் கேட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும், போன் வந்தது. குரல் ரகசியமாக இருந்தது.

"வாணி, அந்த நினைவுலேர்ந்து ஒரு முகத்தை எடுக்க முடியுமா?"

"முடியும் சார். 'இவர் நிஜ ஆள்'னு குறிச்சுட்டா அப்புறம் எப்பவும் படம்னு எடுத்துக்காது. ஆனா அந்த அனுமதி தலைமை அலுவலகத்துக்குத்தான் இருக்குது."

"சாயங்காலம் வரைக்கும் உன் பேர்ல வாங்கித் தர்றேன். ஒரே ஒரு முகம். யாருதுன்னு சொல்ல வேண்டியதில்ல. முடிச்சிட்டு மூடிடு. யார்கிட்டயும் பேச்சு வேண்டாம்."

அனுமதி வந்தது. கோகிலவாணி திரையைத் திறந்தாள். பார்க்க ஆல்பம் போல இருந்தது. புரட்டப் புரட்ட முடியாத ஆல்பம். இர்ஃபான் பின்னால் வந்து நின்றான். சுதர்சனத்தின் முகத்தை எடுக்கத்தான் அனுமதி. அவள் முதலில் தேடியது அவந்தியை. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, விழுந்த முன்பல். 'நிஜ ஆள்' என்று குறித்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து சுதர்சனத்தைக் குறித்தாள். வேலை முடிந்தது. மூடிவிடலாம். கையும் மூடத்தான் போனது.

சுதர்சனத்துக்கு அடுத்தபடியாக ஒரு பையன் இருந்தான். காதணி விழா பேனராக இருக்க வேண்டும். மொட்டைத் தலையில் சந்தனம், அழுகைக்கு நடுவில் எடுத்த சிரிப்பு. யார் வீட்டுப் பிள்ளையோ. அவனுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கியபடி நாச்சிமுத்து. கீழே, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வரிசையாக, இரட்டைச் சடையோடு. ஒன்றும் தப்பு செய்யாத முகங்கள். நல்ல காரியம் நடந்ததற்காக, பிரியப்பட்டவர்கள் தூக்கி வைத்த முகங்கள்.

"ஒரு முகம்னுதானே சொன்னாருக்கா?" என்றான் இர்ஃபான். அவன் தடுக்கிறானா, கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவரு அவரைப் பாத்துக்கிட்டாரு. நான் என் புள்ளையப் பாத்துக்கிட்டேன். அவருக்கும் எனக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"எல்லாத்தையும் குறிச்சா பொட்டி பழையபடி காயுமுங்க. வண்டி ரோட்டுல நிக்கும். அத்தனை பேரு திட்டும் நமக்குத்தான்."

"காயட்டும். மறுபடி காஞ்சா, நான் சொன்ன வைத்தியம் வைத்தியமே இல்லைன்னு அவங்களே தூக்கிப் போடுவாங்க. இல்லைன்னா நாளைக்குக் கட்டற பேனருக்கு யாரு குறிப்பாங்க?" திரையைப் பார்த்தபடி சொன்னாள். "அது கெட்டுப்போயிக் காயலப்பா. எல்லாரையும் மனுசன்னு நெனச்சுப் பாத்துச்சு, அதனால காஞ்சுது. அதைப் போயி நான் நோவுன்னுட்டேன்."

இர்ஃபான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையின் மூலையில் 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்று ஒரு பட்டன் இருந்தது. கோகிலவாணி அதை அழுத்தினாள்.

மறுநாள் கல்யாணம். வெயில் சுட்டெரித்தது. முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்த நேரம். அவந்தி எதிர்ப்பக்கத்தில் ஐஸ் வண்டியைப் பார்த்துவிட்டாள். கோகிலவாணி திரும்புவதற்குள் பட்டுப்பாவாடை ரோட்டில் இறங்கிவிட்டது. வலது பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார், திசை கார்தான், வந்துகொண்டிருந்தது. ஓட்டுபவர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. குறைத்து, பவ்யமாக நின்றது. அவந்தி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐஸ் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். கார் நின்ற இடத்திலிருந்து பேனரைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அதன் பின்னால் வந்த கார்களும் ஒவ்வொன்றாகக் கத்தின. கோகிலவாணி மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேளச் சத்தத்தைவிட அந்தச் சத்தம்தான் அவள் காதுக்கு இனித்தது.

போன் அடித்தது. சுதர்சனம்.

"என்னம்மா பண்ணித் தொலைச்ச? சேலத்துல நிக்குது, திருப்பூர்ல நிக்குது, மதுரையில நிக்குது! ஒரு முகம்னு சொன்னேனா இல்லையா?"

"உங்களையும் குறிச்சிட்டேன் சார். நீங்க தைரியமா ரோட்டைக் கடக்கலாம்."

"நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டியதில்ல."

"சரிங்க சார்" என்றாள். சொல்லும்போது வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும்.

மாலையும் வேட்டியுமாகக் கௌசிக் வாசலுக்கு ஓடி வந்தான். "அக்கா, நீ பாக்கற வண்டி எல்லாம் எதுக்கு நம்ம மண்டபத்து வாசல்லயே வந்து நிக்குது? ரோடே அடைச்சுப் போச்சு. ஆளாளுக்கு இறங்கித் திட்டிட்டு நிக்கறாங்க."

வெயிலில் நெற்றியைத் துடைத்தபடி நின்றிருந்தவர்களில் அந்த ஜவுளிக்கடைக்காரரும் இருந்தார், கூடவே அவர் மனைவி. கோகிலவாணி அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள், பேனரில் கும்பிட்டது போலவே.

"திட்டட்டும், திட்டறதுல ஞாயமிருக்குது" என்றாள் தம்பியிடம். "எல்லாரையும் உள்ள கூப்பிடு. அடுத்த பந்திக்கு இலை சேத்துப் போடச் சொல்லு. அவங்க சாப்பிட்டு முடிக்கறதுக்கும் பொட்டி ஆறறதுக்கும் சரியா இருக்கும்."